ஏறிப்போன ஒச்சம்மாளை இறக்கிவிட்டவருக்கு

"ஆறுறதுக்குள்ள குடிச்சிருங்க" என்று காப்பியை மூடிவைத்துவிட்டுத்தான் என் மனைவி ஒச்சம்மாள் அன்று மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கிளம்பினாள். ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்த ஜீப்பில் அவளும் ஏறினாள். கம்பம்மெட்டு வளைவில் வண்டி உருண்டது; அவள் திரும்பவில்லை.

எங்கள் பெருமதிப்புக்குரிய தமிழாசிரியை அனுசுயா அம்மையீரே! பணிநிறைவுப் பாராட்டை இப்படியா தொடங்குவது என்று அவையோர் நினைக்கலாம். ஆய்வக உதவியாளனாகிய எனக்கு, உங்கள் பெருமையை வேறெங்கிருந்தும் தொடங்கத் தெரியவில்லை.

காரியம் முடிந்தபின் வீட்டுக்கு வந்தீர்கள். "அண்ணே, அவுக பேரை எனக்குக் குடுப்பீகளா? ஒரு கதைக்கு" என்றீர்கள். தலையாட்டினேன். அந்தக் கதை நாவலாக வந்தது. அதிலும் ஒச்சம்மாள் நிறைந்த வண்டியைப் பார்க்கிறாள், ஆனால் ஏறவில்லை. "இன்னைக்குக் கூலி போனாப் போகுது" என்று கீழேயே நின்றுவிடுகிறாள். ஏறிப்போனவளை எழுத்தால் இறக்கிய எங்கள் எழுத்தரசியே!

அதைப் பள்ளி ஆண்டுவிழாவில் நாடகமாக்கினீர்கள். பார்த்த தாய்மாரில் பாதிப்பேர் தோட்டத்துக்குப் போகிறவர்கள். அவர்களோடு அந்தப் பெயரும் மலையேறியது, முதலில் ஏளனமாக. தயங்கி நின்ற பெண்களிடம் ஓட்டுநர்கள், "ஏ ஆத்தா, நீ என்ன பெரிய ஒச்சம்மாவா? ஏறுத்தா!" என்றார்கள். இறந்தவளின் பெயர் வசவாகத் திரிவதைக் கேட்டு உடம்பு கூசியது. நாவலில் பெயரை மாற்றிவிடுங்கள் என்று உங்களிடமே வந்து நின்றேன்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. பேரு இப்ப என் கையில இல்ல, அந்தப் பொம்பளைக கையில இருக்கு" என்றீர்கள்.

பொறுத்தேன். ஒருநாள் ஜக்கம்மா என்றொரு பெண், "ஆமாய்யா, நான் ஒச்சம்மாதான். நீ போ!" என்று தூக்குச்சட்டியோடு கீழே நின்றாள். அடுத்தடுத்து மற்றவர்களும் நின்றார்கள். நின்றவர்களை ஏற்றிப்போக இரண்டாவது வண்டி வந்தது. இன்று ஓட்டுநரே, "ஒச்சம்மா ஆயிருச்சு, அடுத்த வண்டியில வாங்கத்தா" என்கிறார். வண்டி நிறைந்துவிட்டது என்று அதற்குப் பொருளாம்! பைக்கில் மூன்றாவதாக ஏற மறுக்கும் கல்லூரிப் பெண்ணுக்கும் கைப்பேசிக் காணொளிகளில் அதே பட்டம். அவர்கள் நாவலைப் படித்ததில்லை. அப்படி ஒருத்தி உயிரோடு இருந்தாள் என்றும் அறியமாட்டார்கள். வாக்காளர் பட்டியலில் அடித்துவிட்ட ஒரு பெயர் இத்தனை வாய்களில் வாழ்கிறதே அம்மா! நினைக்க நினைக்க மலைத்துப்போகிறேன்.

உங்கள் வகுப்பறைச் சிறப்புகளை மேடையில் மற்றவர்கள் சொல்வார்கள். சொல்லால் உயிர்காத்த சோதரியே! நோயண்டாமல், நிறைய எழுதி, பேரப்பிள்ளைகளோடு நெடுங்காலம் நீங்கள் வாழவேண்டும்.

மலைக்குப் போகும் முதல் ஜீப் இன்றும் எங்கள் தெருமுனையில்தான் ஆள் ஏற்றுகிறது; அது நிறைந்ததும் அவள் பெயர் என் வீட்டுக்குள் கேட்கிறது.

ஆசிரியர்கள், அலுவலர்கள் அனைவர் சார்பில்,
செல்லப்பாண்டி
கம்பம்