இரண்டு விரல் ஜின், ஒரு தேசிக்காய்

தேசிக்காயை வெட்டுவதற்கு முன் மேசையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி உருட்ட வேண்டும். பலருக்கு இது தெரியாது. பிறிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வெட்டிப் பிழிந்துவிட்டு, காயில் சாறே இல்லை என்று சந்தையில் போய் வியாபாரியோடு மல்லுக்கட்டுவார்கள். பொறுமை இல்லாத சனம்.

தம்பி, திடீர் மரண விசாரணை அதிகாரியாகிய உங்களுக்கு நான் தேசிக்காயைப் பற்றி எழுதுவது விசர்க்கதையாகத் தோன்றலாம். போன வியாழக்கிழமை றொபேட்டின் மரண விசாரணையில் நான் ஏதோ சொல்ல எழுந்தபோது, "ரீச்சர், நீங்கள் சரியாக் களைச்சுப் போனீங்கள். வீட்ட போய்ப் படுங்கோ. எல்லாம் முடிஞ்சுது" என்றீர்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த காலத்திலும் நீங்கள் இப்படித்தான். கேள்வியை முழுவதும் வாசிக்காமல் விடை எழுதுவீர்கள். ஆகவே என் வாக்குமூலத்தை நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பொலிஸ்காரர் எழுதினால் எழுத்துப்பிழை வரும்.

செய்முறை மிகச் சுலபம். ஒரு கரண்டி சீனியைக் கொஞ்சம் சுடுதண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். உருட்டிய தேசிக்காய் ஒன்றைப் பிழிந்து விதையை வடித்துவிடுங்கள். கிளாஸில் ஐஸ், அதன்மேல் இரண்டு விரல் உயரம் ஜின், பிறகு சாறும் சீனிக்கரைசலும், மிச்சத்துக்குச் சோடா. வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நம் மன்னார்க் கிணறுகளின் உவர் எதையும் கெடுத்துவிடும்.

இதை எனக்குப் பழக்கியவள் என் கூடப்பிறந்த தம்பியின் மனைவி றெஜினா. ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்து வந்தவள், பெட்டிக்குள் செபமாலையையும் மூன்று போத்தல் ஜின்னையும் ஒரே துவாயில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். "மச்சாள், இதெல்லாம் குடியில்ல. சூட்டுக்குக் குளிர்ச்சி" என்றாள். நான் ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அவள் போன பிறகு, மிஞ்சிய இரண்டரைப் போத்தலையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தில் செபமாலை சொல்லி முடித்ததும் ஒரு கிளாஸ், அவ்வளவுதான். நான் குடிகாரி அல்ல. இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

ஏனென்றால், பதினொரு வருடமாக என் விறாந்தையில்தான் குடி விட்டோர் சங்கம் கூடுகிறது. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஆண்கள் வருவார்கள். வட்டமாகக் கதிரை போட்டு இருந்து, குடித்த காலத்தின் கேவலங்களைச் சொல்லி அழுவார்கள். நான் எல்லாருக்கும் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுப்பேன். ஜின் இல்லாத தேசிக்காய்த் தண்ணீர். ஒருகாலத்தில் இருபத்துமூன்று பேர் வந்தார்கள், கதிரை போதாமல் மாதா கோயிலில் இரவல் வாங்கினேன்.

சங்கத்தில் சேருகிறவர்களை மடுவுக்குக் கூட்டிப்போய், மாதாவின் முன்னால் ஒரு சத்திய அட்டையில் கையெழுத்து வைக்கச் செய்வது வழக்கம். அட்டை என் கையெழுத்தில் இருக்கும். "சாராயம், கள்ளு, கசிப்பு, பியர் ஆகியவற்றை இனி என் வாழ்நாளில் தொடேன்." இந்த நான்கும்தான். இந்தத் தீவில் வேறு எதைக் குடிக்கிறார்கள்?

றொபேட் பேசாலைக்காரன். பத்து வருடத்துக்கு முன்பு அவன் சந்தைக்கு முன்னால் விழுந்து கிடப்பான். நம்மூர்க் கழுதைகளை உங்களுக்குத் தெரியும், பஸ் ஹோர்ன் அடித்தாலும் விலகாதவை. அவை றொபேட்டின் நாற்றத்துக்கு விலகிப்போகும். ஈரல் பாதி போய்விட்டது. வைத்தியர் அவனுடைய மனைவி மெற்றில்டாவையும் என்னையும் கூப்பிட்டு, "இனி ஒரு சொட்டுப் பட்டாலும் ஆளைக் காப்பாத்தேலாது" என்றார். நான் அந்த அறைக்குள் நின்றேன். என் காதால் கேட்டேன். காது இன்றும் நன்றாகத்தான் கேட்கிறது.

அவனை நான் மீட்டேன். கை நடுங்கியபோது பிடித்துக்கொண்டிருந்தது நான். கஞ்சி பருக்கியது நான். மடுவுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனபோது என் சேலையில் சத்தி எடுத்தான், அதையும் கழுவியது நான். பத்து வருடம் ஒரு சொட்டுத் தொடவில்லை. எருக்கலம்பிட்டி அப்துல் ஹமீட், மீனுக்கு ஐஸ் போடுகிற தன் வாடியில் வேலை கொடுத்தார்.

குணமாகிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, தம்பி. வருவதை நிறுத்திவிடுவார்கள். ஒருவனுக்குக் கால்பந்து, ஒருவனுக்குப் பேரப்பிள்ளை, இன்னொருவன் பெண்சாதியோடு படம் பார்க்கிறானாம். இருபத்துமூன்று கதிரை பத்தாகி, நாலாகி, போன வருடக் கடைசியில் றொபேட் மட்டும் வந்தான். தைப்பொங்கல் கழிந்ததும் அவனும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "ஹமீட் நானா புது வாடியை என்னட்டப் பாரம் தந்திட்டார், ரீச்சர். இனிச் சனிக்கிழமையில வாறது கஷ்டம்." நல்லது றொபேட், போய் வாங்கோ என்றேன். மனதார வாழ்த்தித்தான் அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு கோயிலில் சாட்சியம். குடியை விட்டுப் பத்து வருடம் ஆனவனைப் பீடத்துக்குப் பக்கத்தில் ஏற்றி மைக்கைக் கொடுத்தார் பங்குச் சுவாமியார். நான் முன்வரிசையில் இருந்தேன், மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தேன். றொபேட் மடு மாதாவுக்கு நன்றி சொன்னான். சுவாமியாருக்குச் சொன்னான். மெற்றில்டாவுக்கு, வைத்தியருக்குச் சொன்னான். ஹமீட் நானாவுக்கும் சொன்னான். அந்த மனிதர் தொழுகிற பள்ளிவாசல் எருக்கலம்பிட்டியில் இருக்கிறது, அவருக்கு எங்கள் கோயிலில் நன்றி. கடைசியில், "மற்ற எல்லாருக்கும்" என்றான். அந்த எல்லாருக்குள்ளும் நான் இருந்தேனாக்கும். சனம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். கவலைதான் வந்தது. பெருமை தலைக்கேறினால் மனிதன் சறுக்குவான். அவனைப் பக்கத்தில் வைத்திருப்பது என் கடமை என்று பட்டது. வாடியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கிளாஸ் தேசிக்காய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்படி சொல்லியனுப்பினேன். வந்தான். பாவம், நல்ல பெடியன். வாடியிலிருந்து சுத்தமான ஐஸ் துண்டுகளும் ஒரு வாளியில் கொண்டுவந்தான்.

அன்றைக்கு ஒரு தேக்கரண்டிதான் விட்டேன். கேக்குக்கு விடுகிற அளவு. அவன் குடித்துவிட்டு, "ரீச்சரின்ர கைப்பதமே தனி" என்றான். அடுத்த நாள் நான் கூப்பிடாமலே வந்தான். இரண்டு கரண்டி. மாசிமாதம் முடிவதற்குள் றெஜினாவின் அளவுக்கு வந்துவிட்டோம், இரண்டு விரல். ஒருநாள் பாதி குடித்துவிட்டுக் கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான்.

"ரீச்சர், தண்ணி ஒரு மாதிரிக் கிடக்கு."

"உயிலங்குளத்துக் காய். வயல்தண்ணியில வளர்ந்தது, அப்பிடித்தான் இருக்கும்."

அவன் கிளாஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நேரமெடுத்துப் பார்த்தான். பிறகு, "ரீச்சர் தாறதெண்டால் பிழையா இருக்காது" என்று சொல்லி மிச்சத்தையும் குடித்தான். படித்த பிள்ளைகளுக்கே இல்லாத மரியாதை.

றெஜினாவின் போத்தல்கள் தீர்ந்தன. இங்கே நான் மதுக்கடைக்குப் போக முடியுமா? எனக்கொரு பெயர் இருக்கிறது. கொழும்பில் கண் வைத்தியரிடம் போகும் சாக்கில் பெரிய கடையொன்றில் வாங்கினேன். பில் போட்ட பெடியன் மேலும் கீழும் பார்த்தான். கிறிஸ்மஸ் கேக்குக்கு என்றேன். அப்போது பங்குனி மாதம்.

ஒரு காலையில் மெற்றில்டா வந்து என் காலடியில் இருந்து அழுதாள்.

"திரும்பவும் தொடங்கிட்டார், ரீச்சர். எங்க குடிக்கிறாரெண்டு தெரியேல்ல. தோணிக்குக் கீழயும் பார்த்திட்டன், கோழிக்கூட்டுக்குள்ளயும் பார்த்திட்டன், ஒரு போத்தலும் இல்ல. கேட்டால் மாதா மேல சத்தியம் பண்ணுறார், ரீச்சர் வீட்டுத் தேசிக்காய்த் தண்ணியைத் தவிர ஒண்டும் வாயில வைக்கேல்லையாம். பாருங்கோ, இதுக்குப் போய் உங்கட பேரை இழுக்கிறார்."

"என்ர பேரைச் சொன்னவனோ?" என்று கேட்டேன்.

"ஓம் ரீச்சர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மன்னித்தேன். அவனை என்னிடம் அனுப்பச் சொன்னேன். வெளியறையைக் கூட்டி, பாய் விரித்து, ஜன்னலுக்குப் புது மஞ்சள் திரை போட்டேன். பழையபடி கை நடுங்கியது, பழையபடி நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பழையபடி கஞ்சி. ஊரில் நான் போகும் வழியெல்லாம், "றொபேட் எப்பிடி ரீச்சர்? நீங்கள் இருக்கிறபடியால் சரி" என்றார்கள். சுவாமியார் பூசையில் என்னைப் பெயர் சொல்லிச் செபித்தார். தம்பி, நான் பென்சன் எடுத்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான். நடுக்கம் கூடிய நாட்களில் மூன்று விரல் ஊற்றினேன். குடித்ததும் நடுக்கம் நின்றுவிடும். கண் மஞ்சளாகிக்கொண்டு வந்ததைக் கண்டேன். மஞ்சள் திரையின் நிழலாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதைக் கண்டுபிடித்தவர் அப்துல் ஹமீட். ஒருநாள் பின்னேரம் நோயாளியைப் பார்க்க இரண்டு பாரை மீனோடு வந்தார். நான் குசினியில் அடுப்படியில் நின்றேன். வெயிலில் வந்த மனிதருக்கு றொபேட் தன்னுடைய கிளாஸை நீட்டியிருக்கிறான். "நானா, ரீச்சரின்ர தண்ணி, ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோ." ஹமீட் ஒரு வாய் எடுத்தார். முற்றத்துக்கு ஓடித் துப்பினார், கிணற்றடியில் மூன்று தரம் வாய் கொப்பளித்தார். திரும்பி வந்து குசினி வாசலில் நின்றார்.

"ரீச்சர், இது ஊசி போட முதல் கையில பூசுற சாமான் மாதிரி மணக்குது. ஆருக்கு என்னத்தைக் குடுக்கிறியள்?"

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர் ஒரே வாயில் கண்டுபிடித்தார். இருபது வருடம் குடியிலேயே கிடந்த றொபேட் பத்து வாரமாகக் கண்டுபிடிக்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எப்படித் தெரிந்திருக்கும்?

ஒன்று சொல்ல வேண்டும். ஹமீட்டின் வாயில் அது பட்டது பெரும் பிழை. மார்க்கத்தில் விலக்கப்பட்டதை என் வீட்டில் வைத்து ஒரு நல்ல மனிதர் வாயில் வைக்கும்படி ஆயிற்றே என்று நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இந்த விஷயத்தில் நான் உண்மையாக வருந்துவது அதற்கு மட்டும்தான்.

ஹமீட் றொபேட்டைத் தன் ஐஸ் லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாள் காலையில் இரத்தமாகச் சத்தி எடுத்தான். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. இடையில் உங்கள் பொலிஸ்காரர் அவனுடைய கட்டிலில் குனிந்து வாக்குமூலம் எடுத்தார். நீங்கள் அதை விசாரணையில் வாசித்தீர்கள். "நான்தான் களவா வாங்கிக் கலந்து குடிச்சனான். ரீச்சருக்கு ஒண்டும் தெரியாது. அவவில ஒரு பிழையும் இல்லை."

சத்தியத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு குழப்பம் வரலாம். அட்டையில் நான்கு சாமான்கள் இருந்தன, ஜின் இல்லை. ஆகவே றொபேட் மாதாவுக்குக் கொடுத்த வாக்கை மீறாமல்தான் இறந்தான். அவனுடைய ஆன்மாவை நான் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டேன். உடம்புதான் தாங்கவில்லை.

ஆனால் அந்த வாக்குமூலம் பொய். அடக்கப் பூசையில் சுவாமியார், "பதினொரு வருடம் குடிக்கெதிராக நின்ற ரீச்சரின் கூரைக்குக் கீழேயே இருந்து, அவரையும் ஏமாற்றிவிட்டான்" என்று பிரசங்கம் வைத்தார். சனம் என்னைத் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டியது. மெற்றில்டா என் கையைப் பிடித்து அவனுக்காக மன்னிப்புக் கேட்டாள். ஹமீட் வீட்டுக்கு வந்து, "உங்களைப் பிழையா நினைச்சிட்டன், ரீச்சர். பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று கண்கலங்கினார். என் வீட்டில், என் மூக்குக்கு முன்னால், ஒரு குடிகாரன் பத்து வாரம் களவாகக் கலந்து குடித்தானாம், எனக்குத் தெரியாதாம். நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் ஒருத்தி கொப்பியைப் பார்த்தெழுதினால் கரும்பலகைக்குத் திரும்பி நின்றே கண்டுபிடித்தவள் நான்.

ஆகவே கோப்பைத் திறந்து, மரணத்துக்குக் காரணம் இறந்தவரே என்று நீங்கள் எழுதியதை வெட்டிவிடுங்கள். அவன் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. போத்தல் வாங்கியது நான். காய் உருட்டியது நான். வைத்தியர் சொன்னதை அறிந்துகொண்டே, பத்து வாரம், ஒவ்வொரு நாளும் ஊற்றிக் கொடுத்தது நான். சாட்சியத்திலும் அவன் என்னை விட்டுவிட்டான், சாகும்போதும் விட்டுவிட்டான். நீங்களாவது என் பெயரை முழுதாக எழுதுங்கள்.