முழம் அண்ணன் விரித்த கைகள்

பல்லைப் பிடுங்கிப் பழகிய கையில் இன்று ஒரு தீர்மானத்தைப் பிடித்துக்கொண்டு நடுநாயகமாக வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர், பல் டாக்டர் அவர்களே! முழங்கால் வலிக்கும் என்று தெரிந்தும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! ஞாயிறுதோறும் கணவரையும் மகனையும் ஆற்றுக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் கொண்டுவரும் ஈர சாக்ஸை மட்டும் மீன் என்று நினைத்து வாங்கி வைத்துக்கொள்ளும் தாய்மார்களே! ஆற்றில் பெண்களுக்கும் இடம் உண்டு என்று வாதாடாமல், வந்து இடத்தைப் பிடித்துக்கொண்ட சகோதரிகளே! கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், எந்த நேரமும் எழுந்து போகத் தோதாக அமர்ந்திருக்கும் எங்கள் முழம் அண்ணன் அவர்களே! கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தத்துக்கு நடுவே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் எடைமேடையில் வேலை பார்க்கிறவள். லாரி ஏறும், எண் நிற்கும், நின்ற எண்ணை நான் சொல்வேன். லாரிமேல் எனக்குப் பாசமும் கிடையாது, பகையும் கிடையாது. "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கக்கா" என்று கெஞ்சுகிற டிரைவருக்கும் அதே எண்தான்; முறைக்கிற முதலாளிக்கும் அதே எண்தான். இன்றும் அப்படித்தான் பேசப் போகிறேன். நான் யாருக்கும் வக்கீலாக வரவில்லை.

எனக்குத் தந்த தலைப்பு, "நம்மை ஆற்றுக்கு அழைத்து வந்தவர்கள்." அதற்கு அடுத்து நடக்கவிருப்பது, முழம் அண்ணனைச் சங்கத்திலிருந்து நீக்கும் தீர்மானம். இந்த இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்து வைத்தவர் யாரோ, அவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். தீர்மானம் நிறைவேறினால் அண்ணனின் ஆற்று அட்டை, அதாவது மீன்பிடிக்கும் அனுமதி, பறிபோகும். நம் கரையில் அவர் கால் வைக்க முடியாது. வேடிக்கை பார்க்கக்கூட வர முடியாது. இது விளையாட்டில்லை.

உறவினர்கள் சிலர் இங்கே புதிதாக வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். புழுவைக் குத்திப் போட்டுவிட்டுப் பொரி தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் தூண்டில் அல்ல நம்முடையது. இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி ஓர் ஈயைக் கட்டுவோம். அந்தப் பொய் ஈயை, நிஜ ஈ உட்காருவதைப்போல, ஓடும் நீரில் உட்கார வைப்போம். மீன் ஏமாந்தால் எடுக்கும். ஏமாறாவிட்டால் நாம் ஏமாந்து வீடு திரும்புவோம். எடுத்த மீனையும் நாம் தின்பதில்லை. கையை நனைத்துத் தொட்டு, தண்ணீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றி விட்டுவிடுவோம். என்ன? "அப்புறம் எதுக்குப் போறீங்க?" என்று ஒரு தாயார் கேட்கிறார். அம்மா, அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் இந்தச் சங்கமே இருந்திருக்காது.

எனக்கு முன் பேசியவர்கள் தங்களை ஆற்றுக்கு அழைத்து வந்தவர்களைச் சொன்னார்கள். ஒருவருக்கு அவருடைய தந்தை. ஒருவருக்கு ஒரு தடித்த புத்தகம். இன்னொருவருக்குத் தொலைக்காட்சியில் பார்த்த யாரோ ஒரு வெள்ளைத் தாடி. கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அன்பர்களே, நான் கேட்கிறேன். கற்றுக்கொடுத்தவரும் கனவு கொடுத்தவரும் ஒருவர்தானா? வித்தை தந்தவர் வேறு, வேட்கை தந்தவர் வேறு இல்லையா? வித்தை தந்தவர் பெயர் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வேட்கை மூட்டியவரை மட்டும் ஏன் வெளியே அனுப்பப் பார்க்கிறோம்?

தலைவரையே எடுத்துக்கொள்வோம். அவர் எப்படி வந்தார்? மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நம் முழம் அண்ணன், ஒரு நாள் பல் வலி என்று அவருடைய சாய்வு நாற்காலியில் போய்ப் படுத்தார். வாய் நிறையப் பஞ்சு. வேறு யாராக இருந்தாலும் பேச்சு நின்றிருக்கும். அண்ணன் கையால் பேசினார். பாலத்தடியில் பிடித்த மீனின் நீளத்தைக் காட்ட இரண்டு கைகளையும் விரித்தார். கருவிகள் இருந்த தட்டு தரையில் உருண்டது. டாக்டர் சொன்னாராம்: "அண்ணே, வாயைத் திறந்தே வைங்க. கையை மூடுங்க." அன்று மாலை டாக்டர் வீட்டுக்குப் போய் மனைவியிடம், "அவ்ளோ பெரிய மீன் இந்த ஆத்துல இருக்கவே முடியாது. ஞாயித்துக்கிழமை போய் அந்த ஆளோட புளுகை நிரூபிச்சிட்டு வரேன்" என்றார். நிரூபிக்கப் போனவர் இன்னும் தண்ணீரைவிட்டு ஏறவில்லை! தலைவர் சிரிக்கிறார். மறுக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பேக்கரி அக்கா எப்படி வந்தார்? "உங்க கடைப் பூனையோட முடியில ஈ கட்டினேன், மீனுங்க வரிசையில நிக்குதுங்க" என்று அண்ணன் அளந்தார். அக்கா பூனையைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றோரம் ஒரு பிடி முடியைக் காணோம். சண்டைபோட ஆற்றுக்கு வந்தார். பூனை முடி ஈ தண்ணீரில் மிதந்து போவதைப் பார்த்தார். "நூலை இப்படியா சுத்துறது? கொண்டா இப்படி!" என்று பிடுங்கினார். இன்று நம்மில் பாதிப் பேர் அவர் கட்டும் ஈயைத்தான் வீசுகிறோம். பூனைக்கும் முடி வளர்ந்துவிட்டது.

நான் எப்படி வந்தேன்? அண்ணன் ஒரு நாள் எடைமேடைக்கு வந்து, "நான் பிடிச்ச மீனை உங்க மேடையிலதாம்மா நிறுக்கணும், வேற தராசு தாங்காது" என்றார். லாரி ஏறுகிற மேடை! எனக்குச் சுருக்கென்றது. தொழிலை இழிவுபடுத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? அடுத்த ஞாயிறு ஒரு கைத்தராசை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். அண்ணன் தராசைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. "அதுல தொங்கவிட்டா மீனுக்கு வலிக்காதாம்மா? தராசைப் பையில போடு" என்றார். போட்டேன். வாரம் முழுக்க எடை சொல்லிச் சொல்லி அலுத்த எனக்கு, எடையே கேட்காத ஓர் இடம் அன்று கிடைத்தது. அந்த மகிழ்ச்சியை எந்தத் தராசும் தாங்காது. சரி, அண்ணன் பாணி எனக்கும் தொற்றிக்கொண்டது, மன்னியுங்கள்.

அவர் நமக்கு எதையாவது கற்றுக்கொடுத்தாரா? ஒன்றும் இல்லை! அவர் வீசினால் கொக்கி முள்செடியில் நிற்கும், இல்லையென்றால் பின்னால் நிற்பவர் சட்டையில் நிற்கும். நாம் எல்லோரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றோம். ஆனால் வந்தது யாரால்? வாழ்த்த வந்தோமா? வணங்க வந்தோமா? இல்லை, தோழர்களே! அந்த மனிதர் விடுவது கதை என்று நிரூபிக்க வந்தோம். நிரூபிக்க வந்தோம், நின்றுவிட்டோம்!

இப்போது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நம் சங்கத்தில் சாட்சி கிடையாது. பிடித்த மீனை விட்டுவிடுகிறோம். சாட்சி நீந்திப் போய்விடுகிறது. மிஞ்சுவது வாய்ச்சொல் ஒன்றே. அந்தச் சொல்லை நம்பித்தான் ஆண்டுதோறும் பெரிய மீனுக்குக் கேடயம் தருகிறோம். இந்த ஆண்டு அண்ணன், ஆற்று வளைவில் ஒரு பெரிய மீனைப் பிடித்ததாகச் சொல்லிக் கேடயத்தை வாங்கிப்போனார். பிறகுதான் தேதியைப் பார்த்தோம். அன்று வெள்ளம். வளைவில் செம்மண் குழம்பு சுழித்து ஓடியது. மனிதர் நிற்க முடியாது. ஈ மிதக்க முடியாது. அது பொய். கலப்படமில்லாத பொய். நான் எடை குறைத்துச் சொல்ல மாட்டேன். தாய்மார்கள் வரிசையிலிருந்து அண்ணனின் மனைவி, "வீட்லயும் இதே கதைதான்!" என்கிறார். அண்ணி, அந்த வழக்கு இந்தச் சபைக்கு வராது.

கேடயத்தைத் திருப்பி வாங்குங்கள். அது நியாயம். ஆனால் ஆற்றையும் பிடுங்குவதா? அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

பழைய பாலத்துத் தூணடியில் குடியிருக்கும் மீனை உங்களுக்குத் தெரியும். "மாமனார்" என்று பெயர் வைத்திருக்கிறோம். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வெளியே வருவார். எதைக் கொடுத்தாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவரை யாரும் பிடித்ததில்லை. அவரை முதலில் பிடிப்பது நம் தலைவரின் தீராத ஆசை. தலைவரின் கை நடுங்கத் தொடங்கியதும், அவர் ஆஸ்பத்திரியை மூடியதும், வீட்டுக்குள்ளேயே முடங்கியதும் அவரே இந்த மேடையில் சொன்னவை. "தூண்டிலப் பிடிச்சா மட்டும் அந்த நடுக்கம் தெரியறதில்ல. மாமனார் ஒருத்தருக்காகத்தான் காலையில எந்திரிக்கிறேன்" என்றார்.

அந்த வெள்ளம் வடிந்து, நீர் தெளிந்த ஒரு காலை. நான் பாலத்தை ஒட்டிய மேட்டுக் கரையில், நாணல் மறைவில் நின்றிருந்தேன். கீழே அண்ணன் தனியாக. வழக்கம்போல ஈ முள்செடிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தூணோரம் போய் உட்கார்ந்தது. தண்ணீர் ஒரு முறை வீங்கி அடங்கியது. கோல் வளைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. மாமனார் வந்தார். அண்ணன் இடுப்பளவு நீரில் நின்று, கைகளை நனைத்து, அவரை ஏந்திக்கொண்டார். கூச்சல் இல்லை. கும்மாளம் இல்லை. எதற்கெடுத்தாலும் கையை விரிக்கும் மனிதர், அன்று கையை விரிக்க முடியாமல் நின்றார். கை நிறைய மீன் இருந்தது! கொக்கியைக் கழற்றினார். மூச்சு வாங்கும்வரை பிடித்திருந்தார். விட்டார்.

அப்போது பாதையில் தலைவர் வருகிறார். "என்னண்ணே, எதாவது மாட்டுச்சா?" என்று கேட்கிறார்.

வாழ்நாள் முழுக்கப் பிடிக்காத மீனைப் பிடித்தேன் என்று சொன்ன வாய், அன்பர்களே, அன்று என்ன சொன்னது தெரியுமா? "ஒண்ணுமில்ல டாக்டர். மாமனார் கதவையே தொறக்கல. நீங்க போய்ப் பாருங்க. உங்களுக்குத்தான் வருவார்."

தலைவர் போனார். நடையில் வேகம் கூடியதை நான் மேலிருந்து பார்த்தேன். பிறகு நான் இறங்கிப் போய், "ஏண்ணே இப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "பிடிச்சாச்சுன்னு சொல்லிட்டா, நாளைக்கு அவர் எதுக்கும்மா எந்திரிப்பாரு? நீயும் சொல்லிடாத" என்றார். நான் சரி என்று தலையாட்டவில்லை. எண்ணை மறைத்துப் பழக்கமில்லாதவள். ஆனாலும் இன்றுவரை சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. இன்று வந்திருக்கிறது. இதனால் தலைவருக்கு என்ன இழப்பு என்று எனக்குத் தெரியும். வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

எனவே தலைவர் அவர்களே, தீர்மானத்தில் வெள்ளத்தன்று மீன் பிடித்ததாகச் சொன்ன பொய்யை எழுதியிருக்கிறீர்கள். வெள்ளம் வடிந்து சொன்ன பொய்யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பொய்யால் கேடயம் வாங்கினார். இன்னொரு பொய்யால் அதைவிடப் பெரியதைக் கொடுத்தார். இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றி எண்ணைப் பாருங்கள்!

தலைவர் ஏதோ கேட்கிறார். என்ன டாக்டர்? மைக்கில் கேளுங்கள். "எவ்ளோ பெருசு இருந்துச்சு?" என்று கேட்கிறார்.

என்னிடம் தராசு இல்லை. பிடித்தவரையே கேட்போம். அண்ணே, கதவுப் பக்கம் போகாதீங்க. எந்திரிங்க. டாக்டர் கேக்குறாரு, காட்டுங்க.

விரிக்கிறார். இன்னும் கொஞ்சம் அண்ணே... நின்றுவிட்டதே! சபையோரே, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த மீன் அதைவிட ஒரு சாண் நீளம். முழம் அண்ணன் முதல் முறையாக ஒரு மீனைக் குறைத்துக் காட்டுகிறார். மிச்சத்தை டாக்டருக்கு விட்டுவைக்கிறார்.

மணிச் சத்தம் கேட்கிறது. தலைவர் மணி அடிக்கிறாரா, கை நடுங்குகிறதா, எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் முடித்துக்கொள்கிறேன். பொறுமையாகக் கேட்ட மூத்தோருக்கும், குறுக்கே கேள்வி கேட்ட தாய்மார்களுக்கும், காற்றடிப்பதைச் சற்று நிறுத்திவைத்த கீழ்க்கடைக்காரருக்கும் என் நன்றி. வாக்கெடுப்பில் கையை உயர்த்தினால் போதும். விரித்துக் காட்டுகிற வேலையை அண்ணன் பார்த்துக்கொள்வார். வணக்கம்!