திருவிழாவுக்குத் திறக்கும் பெட்டி

ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் ஒரு தாய், காய்ச்சலில் சுருண்டுபோன மகளை மடியில் வைத்திருந்தாள். சரவணையில் ஏறிய வயதான பெண்ணொருவர் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"இந்தக் காய்ச்சல் திருவிழாவுக்கு வந்திருக்கலாம் அக்கா," என்றாள் தாய்.

"ஏன் பிள்ளை?"

"அப்ப மட்டுந்தான் எங்கட ஆசுபத்திரியில டொக்டர் நிப்பார். ஆசுபத்திரிச் சங்கத் தலைவர் மலைநாட்டில, பதுளையில இருக்கிற தன்ர கடையைப் பூட்டிப்போட்டு ஊருக்கு வாறது அப்பதானே."

"ஊர்ச் சங்கம் நடத்திற ஆசுபத்திரியெல்லே? முறைப்பாடு சொல்ல ஏலாதே?"

"பெட்டி பூட்டி வைச்சிருக்கினம். பூட்டுத் திறப்பு தலைவரிட்ட. திருவிழாவுக்கு வந்து, சனத்துக்கு முன்னால திறந்து வாசிப்பார். டொக்டர் வாறேல்லையெண்டு போனமுறை எழுதினனான். வாசிக்கேக்க டொக்டர் தலைவருக்குப் பக்கத்திலதான் இருந்தவர். முறைப்பாடு பொய்யெண்டு கூட்டத்தில முடிவெடுத்தவை."

"நீர் பேசாமல் வந்திட்டீரே?"

"இல்லை. திருவிழா முடிஞ்சும் தலைவர் ஒரு மாதம் நிண்டு பாக்கவேணுமெண்டு அண்டைக்கே இன்னொண்டு எழுதிப் பெட்டியில போட்டனான்."

"அதுக்கு என்ன சொன்னவர்?"

தாய் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"வாற திருவிழாவுக்குத்தானே வாசிப்பார்."