நடு அறையில் உட்கார்ந்த புரதம்

இலை போட்டுட்டாங்க, வாசனை மேடை வரைக்கும் வருது... எனக்கும் பசிதான். ஆனாலும் ஒரு குட்டிக் கதையைச் சொல்லிட்டுத்தான் மைக்கை விடுவேன். மாப்பிள்ளையோட அம்மா எஸ்தர் மதினி முன்வரிசையில இருக்காங்க, அவங்க கட்டாயம் கேக்கணும்.

எங்க இன்னொரு அண்ணன் மக பிரசில்லா பாளையங்கோட்டையில ஆராய்ச்சி பண்ணுதா. என்ன ஆராய்ச்சி? கொழுப்பு! சிரிக்காதீங்க. ஒரு இளஞ்செல் வளர்ந்து, உள்ளுக்குள்ள எண்ணெயை நிரப்பிக்கிட்டு, கொழுப்புச் செல்லா ஆகணும். அதைத் தட்டுல வளர்த்துப் பாக்குறது இவ வேலை.

கொழுப்பாக்குற மருந்து ஊத்துவா... ஒரு தட்டுல எண்ணெய் கட்டும், இன்னொரு தட்டுல கட்டவே கட்டாது. அவங்க சார் சொன்னார்: "ஏம்மா, செல்லுக்குள்ள சேதி கொண்டுபோற புரதம் ஒண்ணு இருக்குல்லா? 'கொழுப்பாகாதே'ன்னு தடுக்குறதே அதுதான். கூடிப் போயிருக்கும், அளந்து பாரு. இந்த வாட்டியும் சரியா வரலேன்னா தலைப்பை மாத்திருவோம்." தலைப்பை மாத்துறதுன்னா சும்மாவா? நாலு வருஷம் பட்ட பாடெல்லாம் வீண்!

அளந்தா. எப்படி? செல்லை எல்லாம் அரைச்சு. நல்ல தட்டுல எவ்வளவோ, கெட்ட தட்டுலயும் அவ்வளவுதான். மறுபடியும் அரைச்சா... அதே அளவு. எனக்குப் போனைப் போட்டு அழுதா. "சித்தப்பா, கூடவும் இல்ல, குறையவும் இல்ல. பிறகு எதுக்குத் தடுக்குது?" எனக்கு என்ன தெரியும்? நான் தமிழ் வாத்தியார். "போய்ச் சாப்பிடுட்டி"ன்னேன்.

மறுநாள் அவளுக்கே உறைச்சிருக்கு. அரைச்சா எவ்வளவு இருக்குன்னு தெரியும்... எங்க இருக்குன்னு தெரியுமா? அரைக்கல. ஒளிருற சாயம் ஏத்தி, முழுச் செல்லா மைக்ராஸ்கோப்புல வச்சா. கெட்ட தட்டுல அந்தப் புரதம் செல்லோட நடு அறையில, உட்கருவுக்குள்ள, சட்டமா உட்கார்ந்திருக்கு! நல்ல தட்டுல... நடு அறை இருட்டு. அதே புரதம், அதே செல்லுக்குள்ளயே, அறைக்கு வெளியே வந்து நிக்குது, எதையும் தடுக்கல.

ஏன்? கெட்ட தட்டுல இவ அவசரப்பட்டுட்டா. செல்லுங்க நெருங்கி நிறையுறதுக்கு முன்னாடியே மருந்தை ஊத்திட்டா. அக்கம்பக்கம் ஆளு நெருங்கி நின்னாத்தான் அந்தப் புரதம் நடு அறையை விட்டு எழுந்திரிக்கும். இந்த வாட்டி பொறுத்தா. தட்டு நிறைஞ்சுது, ஊத்துனா... கடுகு கடுகா எண்ணெய்! "சார், வந்துட்டு சார்!"னு கத்துன கத்துல பக்கத்து லேப்பே ஓடி வந்துச்சாம்.

மதினி... அண்ணன் போன பிறகு ஒத்தையா நின்னு உங்க மகனை வளர்த்தீங்க. அந்தப் பாசத்தைக் குறைங்கன்னு சொல்ல நான் யாரு? ஒரு சொட்டும் குறைக்க வேண்டாம். வீட்டை விட்டு எங்கேயும் போகவும் வேண்டாம். அதே வீடு, அதே பாசம். மகனும் மருமகளும் உட்கார்ந்து பேசுற அறையில இருந்து மட்டும்... ஒரு சுவர் தள்ளி. அவ்வளவுதான்.

தனியாப் போயிருவோமோன்னு பயமா இருக்கா? இருக்கும் மதினி. அதுக்குத்தானே இந்த மண்டபம் நிறைய நாங்க இத்தனை பேரு உங்களை நெருங்கி நிக்கோம்? மகன் பக்கத்து இலை இன்னிக்கு மருமகளுக்கு. உங்களுக்கு எங்க வீட்டுக்காரி பக்கத்துல இடம் போட்டிருக்கா... எந்திரிங்க, சாப்பிடுவோம்.