கரு தங்காது

அபாயச் சங்கு ஊதுகிறது. ரங்கூன். 1941, மார்கழி, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். விர்ரென்று விமானச் சத்தம். தெருவே அண்ணாந்து பார்க்கிறது. என் கணவரும்தான். "படு!" என்று ஒரு கூச்சல். யாரோ என்னைச் சாக்கடைக்குள் தள்ளுகிறார்கள். டமார். காது அடைத்துப்போயிற்று. எழுந்தபோது அவர் இல்லை.

தள்ளியவள் ரேச்சல். பக்கத்து அறை யூதப் பெண். துணி தைப்பவள். எங்களோடு பழகித் தமிழ் பேசுவாள். அவளுக்கும் அங்கே யாரும் மிஞ்சவில்லை. எனக்கு வயிற்றில் மூன்று மாதம். கப்பல். பிறகு ரயில். ஓமலூரில் என் மாமியார் வீட்டுக்கு இருவரும் வந்து சேர்ந்தோம்.

மாமியாருக்கு அவளைக் கண்டதுமே ஆகவில்லை. மகனைப் பறிகொடுத்தவள். யார் மேலாவது பழி போட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேச்சல் விளக்கேற்றினாள். அது சரி. அதற்கு முன்னால் நகம் வெட்டினாள். வெள்ளிக்கிழமையில் யாராவது நகம் வெட்டுவார்களா? அதுவும் ஒரு விரல் விட்டு ஒரு விரல். வெட்டியதைப் பொறுக்கி அடுப்பில் எரித்தாள். நான் வெட்டிப் போட்டதையும் தேடித் தேடிப் பொறுக்கினாள். எனக்கே பயம் வந்தது. என் நகம் இவளுக்கு எதற்கு? கேட்டேன். எங்கள் வழக்கம் என்றாள். மறுபடி தரையைத் தேடக் குனிந்துவிட்டாள்.

"அவ உன்ற நகத்தை வெச்சு செய்வினை செய்யறா சாமி," என்றாள் மாமியார். "என்ற பையனை முழுங்குனது பத்தலை."

அடுத்த வெள்ளி. ரேச்சல் காகிதத்தில் மடித்து வைத்திருந்த நகங்களை மாமியார் பிடுங்கி வாசலில் வீசினாள். நான் குடத்தோடு வருகிறேன். ரேச்சல் மண்டியிட்டுப் புழுதியைத் துழாவுகிறாள். என்னைப் பார்த்ததும் கத்துகிறாள். ரங்கூனில் கேட்ட அதே குரல்.

"மிதிக்காதே! மிதிச்சா கரு தங்காது!"

நின்றுவிட்டேன். அப்போதுதான் புரிந்தது. கர்ப்பிணி நகத்தை மிதிக்கக் கூடாது என்பது அவர்கள் பயம். இத்தனை நாளும் அவள் என் காலடியைத்தான் காவல் காத்திருக்கிறாள்.

மாமியார் காதில் விழுந்தது கடைசி இரண்டு சொல். சாபம் விட்டுவிட்டாள் என்று அலறினாள். தெரு கூடிவிட்டது. அது சாபமில்லை என்று தொண்டை கிழியச் சொன்னேன். இவளுக்கும் மருந்து வைத்துவிட்டாள் என்றார்கள். ரேச்சலின் துணிமூட்டை வாசலுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டால் ஓய்வுநாள் என்று எங்கும் பயணம் போகாதவள் அவள். அன்று போனாள். விளக்கு ஏற்றவில்லை. பிறகு தேடினேன். தகவல் இல்லை.

ஆடியில் மகள் பிறந்தாள். நகத்தை மிதித்தால் கரு கலையும் என்பதை நான் இன்றும் நம்பவில்லை. சாக்கடைக்குள் தள்ளிய கையை நம்புகிறேன்.

அந்தப் போரில் நான் இழந்தவை மூன்று. என் கணவர். ரங்கூன் அறை. ரேச்சல். முதல் இரண்டையும் குண்டு கொண்டுபோயிற்று. மூன்றாவது இழப்பு எங்கள் வாசலில் நடந்தது.