உள்ளே: பூஜ்யம்

தாழ் விழுந்த சத்தம் கேட்டபோது எனக்குப் பசித்தது. வெளியே என் மேசைத் திரையில் 'உள்ளே: 0' என்று வந்துவிட்டது. சித்தப்பா உள்ளே இருந்தார்.

பெயர் சொல்லாமலே இங்கே எழுதலாம் என்றீர்கள், நல்லது. வயது பதினேழு. அப்பா அம்மா போனபின் சித்தப்பாவும் சித்தியும்தான் என்னை வளர்த்தார்கள். சித்தப்பாவுக்கு ஒரு குளிர்கிடங்கு. உறைந்த மீன் பெட்டிகள் அடுக்கிய ஓர் அறை, அதற்குக் கனமான கதவு. கடைசியாக வெளியே வருகிறவர் கதவை மூட மறந்துவிடுவார், சரக்கு கெட்டுப்போகும். அந்தத் தொல்லையைத் தீர்த்துவைத்தது நான்தான்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. நினைவகத்தில் ஒன்றை உருவாக்கினால், வேலை முடிந்ததும் யாராவது ஞாபகமாக அழிக்க வேண்டும். மறந்தால் குப்பை சேரும். அவசரப்பட்டால், இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும். ஸ்மார்ட் பாயின்டர் என்று ஒன்று இருக்கிறது. எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். கடைசி ஆள் விட்டதும் எல்லாம் தானாக முடிந்துவிடும். கதவையும் அப்படியே எழுதினேன். அட்டையைத் தேய்த்து உள்ளே போனால் ஒரு பிடி. வெளியே வந்தால் அது விடும். பிடி எதுவும் இல்லையென்றால் விளக்கு அணையும், கதவு தானாக மூடும், தாழ் விழும்.

"பாப்பா, உன் கதவுக்கு எங்க முதலாளிய விட மூளை ஜாஸ்தி" என்பார் மொட்டை. பெட்டி தூக்குகிறவர். சித்தப்பாவே அதற்குச் சிரித்திருக்கிறார்.

உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்து ஐந்து மாதம் ஆகிறது. மாற்றச் சொல்லி நான் இரண்டு தடவை சொன்னேன்.

"ஆள் உள்ள இருந்தா பூட்டாதுன்னு நீதானே சொன்ன? அப்புறம் அது எதுக்கு?" என்றார் சித்தப்பா.

என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதுதான் பிரச்சினையாகவும் ஆனது. வெளியூர்க் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. சித்தப்பா என் சான்றிதழ்களை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"நீ போயிட்டா இந்தக் கதவ யாரு பார்ப்பா? உங்கப்பனா எழுந்து வருவான்?"

"வேற யாருக்காவது சொல்லிக் குடுத்துட்டுப் போறேன் சித்தப்பா."

"இங்கயும் கம்ப்யூட்டர்தான தட்டுற. அங்க போய் என்ன புதுசா தட்டப் போற?"

அவர் கத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டேதான் சொன்னார். சேர்க்கைக்கு நான்கு நாள் இருந்தது.

பாயின்டரில் இன்னொரு வகையும் உண்டு. வீக் பாயின்டர். அது பார்க்கும், பிடிக்காது, எண்ணிக்கையில் வராது. லாரி ஓட்டுநர்களின் அட்டைக்கு அந்த வகையைக் கொடுத்திருந்தேன். அவர்கள் உள்ளே போவதில்லை. அறையில் வேலை நடக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ள மட்டும்தான் அது. சித்தப்பாவின் அட்டையையும் அந்த வகைக்கு மாற்றினேன். ஒரே ஒரு சொல். நான் அவரைப் பூட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணாமல் விட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் மொட்டையோடு சித்தப்பா உள்ளே போனார். மொட்டை சாப்பிட வெளியே வந்தார். தாழ் விழுந்தது.

பயமுறுத்தத்தான் நினைத்தேன். பத்து நிமிடம். கதவைத் திறக்கும் பொத்தான் என் திரையிலேயே இருந்தது. அவர் தட்டினார். சுவர் தடிமன், உள்ளே போன் சிக்னல் கிடைக்காது, சத்தமும் லேசாகத்தான் வந்தது. நான் மேசை விசிறியைப் போட்டேன். புழுக்கமாக இருந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்த மொட்டை, "முதலாளி எங்க பாப்பா?" என்று கேட்டார். நான் திரையைக் காட்டினேன். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, "வெளிய போயிட்டாரா? சொல்லவே இல்ல" என்று பீடி பற்றவைக்கப் போனார். அப்போது தட்டும் சத்தம் நின்றிருந்தது.

சித்தி போன் செய்தார். "சித்தப்பாவுக்குப் போன் போகவே மாட்டேங்குதுடி. உன்கூட இருக்காரா?"

"இல்ல சித்தி. அப்பவே கிளம்பிட்டாரே."

சித்தப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு முறை நெஞ்சுவலி வந்திருக்கிறது. அது எனக்குத் தெரியும். மூன்று மணி நேரம் கழித்து அந்தச் சொல்லைப் பழையபடி மாற்றிவிட்டு, கதவைத் திறந்து, நான்தான் முதலில் அலறினேன்.

எல்லாரும் உடைந்த கைப்பிடியைத்தான் திட்டுகிறார்கள். கதவு எப்படிப் பூட்டியது என்று போலீஸ்காரர்கள் கேட்டதற்கு, குளிரில் எண்ணும் கருவி கெட்டிருக்கும் என்றேன். சரி என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

தகனம் முடிந்த அன்றே சித்தி அலமாரியைத் திறந்து சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னத் தவிர எனக்கு யாருடி இருக்கா? நீயும் போயிடாத." சேர்க்கை நாள் நேற்றோடு முடிந்தது. ஒற்றைக் கையால்தான் இதை உங்களுக்குத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்று சித்தியின் கைக்குள் இருக்கிறது, தூக்கத்திலும் விடவில்லை. நான் லேசாக இழுத்தால் இன்னும் இறுக்குகிறார்.

நான் செய்ததைச் சொன்னால் விட்டுவிடுவார். சொல்லாவிட்டால் விடவே மாட்டார். நீங்களே சொல்லுங்கள், இரண்டில் எதற்கு நான் இவ்வளவு பயப்படுகிறேன்?