குச்சியெல்லாம் சரியா நிக்கிதா?

வலைத்தொட்டிலில் படுத்தபடி தேநீர் குடிக்க எனக்கு இன்னும் வரவில்லை, ஐயா. நெஞ்சில் கொட்டிக்கொள்வேன். மஸ்கெலியா நீர்த்தேக்கக் கரையில், முதுகுப்பையோடு வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிறவனுக்கு இது பெரிய குறைதான். வாசல் பலகையில் 'ஓய்வாக இருங்கள்' என்று நானே எழுதி மாட்டியிருக்கிறேன். அந்த வீட்டில் ஓய்வில்லாத ஒரே ஆளும் நான்தான்.

யாராவது பையைக் கட்டத் தொடங்கினால் என் கால்கள் ஓரிடத்தில் நிற்காது. சமையலறைக்கும் கரைக்குமாக நடப்பேன். என் மனைவி லெட்சுமி, மகளின் பிரசவம் பார்க்க வத்தளைக்குப் போனவள். பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான், அவள் இன்னும் வரவில்லை. சண்டையெல்லாம் இல்லை. போனில் நன்றாகத்தான் பேசுவாள். ஆனால் ஆளில்லாத நாட்களில் நான் பேசுவதற்கு ஃபிரிஜ் மட்டும்தான் உறுமிப் பதில் சொல்லும்.

கோடையில் தண்ணீர் வற்றும்போது மூழ்கிப்போன பழைய ஊரின் கோயில் தலை காட்டும். சுற்றிலும் சேறு. மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே களி. அடியில் கிடக்கும் பழைய தார் ரோடு மட்டும்தான் காலைத் தாங்கும். அதனால் கோயில்காரர்கள் பூசை போட்டு, அந்த ரோட்டின் வழியே மஞ்சள் துணி கட்டிய குச்சிகளை நட்டுவைப்பார்கள். முதல் குச்சியிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அங்கிருந்து சாமி இடம். குச்சியை யாரும் தொடமாட்டார்கள். அதனாலேயே யாரும் சந்தேகப்படுவதுமில்லை.

போன கோடையில் நான் தொட்டேன். ஒரு பிரெஞ்சுப் பெண் மறுநாள் புறப்படுவதாக இருந்தாள். ரோடு வளைகிற இடத்தில் இரண்டு குச்சிகளைக் கொஞ்சம் தள்ளி நட்டேன். முழங்கால்வரை புதைந்தாள், கணுக்கால் பிசகியது. வீக்கம் வடியும்வரை கரம் போர்டு விளையாடினோம். இஞ்சி போட்ட பிளேன்டீயாக ஊற்றிக் கொடுத்தேன். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். கெடுதல் செய்தவனை யாராவது கட்டிப்பிடிப்பார்களா? பிறகு குச்சிகளைப் பழைய இடத்தில் நட்டுவிட்டேன். எனக்கும் பொறுப்பு உண்டு.

இந்தக் கோடையில் வந்தவன் ஜோனாஸ், ஹாலந்துக்காரன். என் அரைகுறை இங்கிலீஷ் ஜோக்குக்கெல்லாம் சிரிப்பான். சில சமயம் நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே சிரித்துவிடுவான். வெள்ளிக்கிழமை சாயந்தரம் கோயிலைப் பார்த்துவிட்டு, மறுநாள் எல்ல என்ற ஊருக்குப் போகிறேன் என்றான். வெள்ளி மத்தியானம் நான் சேற்றுக்குள் இறங்கிக் குச்சிகளை மாற்றினேன்.

திரும்பி வந்து பார்த்தால் வலைத்தொட்டிலில் கிடக்கிறான். சோம்பலாக இருக்கிறது, இன்றைக்குக் கோயில் வேண்டாம், இன்னும் சில நாள் இங்கேயே இருந்துவிடலாமா என்று பார்க்கிறேன் என்றான். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. இந்த வயதில் குதித்தால் இடுப்பு போய்விடும் என்பதால் தேநீர் போட்டேன்.

அப்போதுதான் மீனம்மா வந்தாள். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருப்பவள். காலையில் என் விடுதிக்கு ரொட்டி சுட்டுத் தருபவளும் அவள்தான். மகள் வினோதா பரீட்சையில் தேற வேண்டுமென்று, அந்தக் கோயிலில் வெள்ளிதோறும் விளக்கேற்ற நேர்ந்திருந்தாள்.

"என்னா தொரை, இன்னைக்கும் வெள்ளைக்காரப் புள்ளைய தொட்டில்ல போட்டு ஆட்டுறீங்களா?"

"நீயும் வா, ஒனக்கும் ஒன்னு கட்டித் தாறேன்."

"எனக்கு எதுக்குண்ணே தொட்டிலு? மலையில கொழுந்துக் கூடைய யாரு தூக்குறது, நீங்களா?" என்று சிரித்தாள். பிறகு எண்ணெய்ப் போத்தலை இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டாள்: "நேத்து தூறிச்சில்ல. குச்சியெல்லாம் சரியா நிக்கிதா? நீங்கதான எந்நேரமும் கரையிலயே சுத்துறீங்க."

இல்லை என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் ஊர் கூடும். ஊர் கூடினால் அவன் பையைக் கட்டுவான்.

"நிக்கிது மீனா. போயிட்டு வா."

நான் தள்ளி நட்ட இடத்துக்குப் பக்கத்தில் பழைய மதகு இடிந்த குழி இருக்கிறது. தூறல் விழுந்த பிறகு அங்கே சேறு முழங்காலோடு நிற்காது என்பது எனக்குத் தெரியும். செருப்பைக் கரையில் ஜோடியாக வைத்துவிட்டு இறங்கினாள். நான் ஜோனாஸின் கோப்பையில் சீனி கலக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் கூப்பிடும் சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று அவன் எழுந்து உட்கார்ந்தான். சாமி கும்பிடுகிறாள், எங்கள் ஆட்கள் சத்தமாகத்தான் கும்பிடுவார்கள் என்றேன். அவன் மறுபடி படுத்துக்கொண்டான்.

வினோதா தேடி வந்தபோது முதலில் சேற்றில் இறங்கியவன் நான்தான். மற்றவர்கள் பலகை கொண்டு வருவதற்குள் குச்சிகளைப் பழைய இடத்தில் நட்டுவிட்டேன். தூறலில் கால் தவறிவிட்டாள் என்று ஊர் முடிவுகட்டியது. ஜோனாஸ் பாடைக்குத் தோள் கொடுத்தான், காரியம்வரை தங்கினான். வினோதாவுக்கு நானும் அவனுமாகத்தான் தினமும் சோறு கொண்டுபோய்க் கொடுத்தோம். சொல்லக் கூடாதுதான், ஆனால் அவை நல்ல நாட்கள்.

இன்று காலை அவன் பையைக் கட்டிவிட்டான். அட்டன் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறானாம். அதனால்தான் இப்படி மூச்சு வாங்க ஸ்டேஷனுக்கு ஓடி வந்தேன். மனச்சாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கமாட்டேன். மீனம்மாவைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் கூப்பிட்டதை என்னோடு சேர்ந்து கேட்டவன் அவன் ஒருவன்தான். வழக்கு முடியும்வரை சாட்சியை ஊரை விட்டுப் போக விடமாட்டீர்கள் அல்லவா, ஐயா?